மணியடிக்கும் கைகளுக்கும் நன்றி



நமது கத்தோலிக்கப் பாடசாலை ஒன்றின் பரிசளிப்பு விழாவை நினைத்துப் பாருங்கள். அதிபர் தமது அறிக்கையை வாசிக்கிறார். முதற் பரிசு பெறும் பிள்ளை மேடையேற, மண்டபம் அதிரக் கைதட்டுகிறோம். இதெல்லாம் முறையே. ஆனால் அந்த மண்டபத்தை விடியற்காலையிற் கூட்டியவர் யார்? கதிரைகளை வரிசையாக அடுக்கியவர் யார்? எல்லோரும் வீடு திரும்பிய பின் விளக்கணைத்துக் கதவைப் பூட்டுகிறவர் யார்? அவர் பெயரை நாம் கேட்பதில்லை. 'ஏனைய ஊழியர்கள்' என்ற இரண்டு சொற்களுக்குள் அவருடைய முப்பது வருட உழைப்பும் அடங்கிவிடுகிறது.

புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் திருமுகத்தின் 12ஆம் அதிகாரத்தில் திருச்சபையை ஓர் உடலுக்கு ஒப்பிடுகிறார். வலுவற்றவையாகத் தோன்றும் உறுப்புகளே உடலுக்கு மிகவும் வேண்டியவை என்று போதிக்கிறார். போதித்ததோடு அவர் நிற்கவில்லை. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் கடைசி அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தமக்கும் சபைக்கும் உழைத்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். பொதுவாக ஒரு நன்றி சொல்லி முடிப்பது அவருக்குப் போதவில்லை.

ஒரு கல்லூரியின் வாசலிலேயே புனிதரானவர் ஒருவரை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். அவர் பெயர் அல்போன்ஸ் ரொட்றிகஸ். ஸ்பானிய தேசத்தில் கம்பளி வியாபாரம் செய்தவர். மனைவியையும் பிள்ளைகளையும் சாவுக்குப் பறிகொடுத்தார், வியாபாரமும் நொடிந்தது. 1571ஆம் ஆண்டில் இயேசு சபையில் துறவறச் சகோதரராகச் சேர்ந்தார். மயோர்க்காத் தீவிலிருந்த சபைக் கல்லூரியில் வாயில் காக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. கதவு மணி ஒலிக்கும்போதெல்லாம், வந்து நிற்பவர் ஆண்டவரே என்று எண்ணி எழுந்து போவாராம். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இதுவே அவர் தவம்.

1605ஆம் ஆண்டில் அக்கல்லூரிக்குப் படிக்க வந்தார் பேதுரு கிளாவர் என்ற இளைஞர். எதிர்காலத்தைப் பற்றித் தெளிவின்றித் தயங்கிய அவருக்கு, அந்த வயோதிப வாயிற்காவலரே ஞான ஆலோசகரானார். அமெரிக்க நாடுகளுக்குப் போய் ஆன்மாக்களுக்காக உழைக்கும்படி தூண்டினார். கிளாவர் சென்றார், கார்த்தகேனா துறைமுகத்தில், கப்பல் கப்பலாக வந்திறங்கிய ஆபிரிக்க அடிமைகளின் ஊழியராகவே வாழ்ந்து, 1654ஆம் ஆண்டில் மரித்தார். 1888ஆம் ஆண்டில் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் இருவரையும் ஒரே நாளிற் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். வாசலில் நின்றவரும் வகுப்பில் இருந்தவரும் பீடத்தில் ஒன்றாக ஏறினார்கள்!

நமது நாட்டுக் கதையும் இதற்குப் புறம்பானதல்ல. 1960ஆம் ஆண்டில் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கச் சட்டம் வந்தது. திருச்சபையின் கையில் எஞ்சிய கல்லூரிகள் பல, அரச உதவியும் இல்லாமல், கட்டணம் அறவிடவும் வழியில்லாமல் நின்றன. அவை மூடப்படாமற் காத்தவர்கள் யார்? குருக்களும் கன்னியரும் துறவறச் சகோதரர்களும் மட்டுமல்ல. குறைந்த வேதனத்துக்குக் கற்பித்த ஆசிரியர்களும், தம் வீட்டுச் செலவைச் சுருக்கிக் கொடுத்த பெற்றோரும், சம்பளம் பிந்தினாலும் குசினி அடுப்பை அணையவிடாத ஊழியர்களும் அவர்களுள் அடங்குவர். ஒருவரையொருவர் தாங்கியதால் அன்று பாடசாலை நின்றது. அந்தக் கடனில்தான் இன்று நம் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

பெற்றோரே, நம் மனச்சாட்சியைச் சற்றுச் சோதிப்போம். பிந்தி வந்த பிள்ளையை வாசலில் மறித்ததற்காகக் காவலாளியோடு சண்டைக்குப் போகவில்லையா? தகப்பன் வயதுடையவரை நம் பிள்ளை 'நீ' என்று அழைத்தபோது கேளாதவர் போல் இருக்கவில்லையா? மலசலகூடம் கழுவுகிறவரின் குலத்தை விசாரித்து மரியாதையை அளக்கும் பேச்சு, பாடசாலையிலா பிறக்கிறது? நம் வீட்டு விறாந்தையில் பிறந்தே அங்கு போகிறது. ஒரே நற்கருணைப் பந்தியில் அவரோடு முழந்தாளிட்டுவிட்டு, வெளியே வந்து முகத்தைத் திருப்பினால், நாம் உட்கொண்ட ஆண்டவரிடமிருந்தே முகத்தைத் திருப்புகிறோம்.

ஆகவே இன்றிரவு செபமாலை முடிந்ததும் உங்கள் பிள்ளையிடம் ஒன்று கேளுங்கள்: "பாடசாலையில் மணியடிக்கிற ஐயாவின் பெயர் என்ன? வகுப்பைக் கூட்டுகிற அக்காவின் பெயர் என்ன?" தெரியாவிட்டால் நாளைக்குக் கேட்டு வரச் சொல்லுங்கள். அந்தப் பெயரைச் சொல்லி நாளை இரவு செபியுங்கள். அவர் வீட்டில் நோய் என்றால் போய்ப் பாருங்கள். அவர் பிள்ளைக்குக் கொப்பியோ சப்பாத்தோ தேவையென்றால் வலக்கை செய்வதை இடக்கை அறியாமற் கொடுங்கள்.

குணமடைந்த தொழுநோயாளர் பத்துப் பேரில் திரும்பி வந்தவன் ஒருவனே. மற்ற ஒன்பது பேரும் எங்கே என்று நமதாண்டவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு முன் நம் குடும்பங்கள் தலைகுனிய நேராதிருப்பதாக. நாசரேத்தூரின் தச்சுப் பட்டறையில் மறைவாக உழைத்த புனித சூசையப்பர் நமக்காக மன்றாடுவாராக!