ஓட்டைக் கூரைக்கு யார் பொறுப்பு?

வெயிலிலும் மழையிலும் கடை நடத்தும் நமக்கு வட அமெரிக்கப் பனிக்காலம் எளிதில் விளங்காது. அங்கே கதவிடுக்கில் காற்றுப் புகுந்தால், வீட்டைச் சூடாக்க எரித்த எண்ணெயின் காசு அவ்வழியே வெளியேறுகிறது. இடுக்குகள் அதிகம் இருப்பதோ ஏழை வீட்டில்! 1973-இல் எண்ணெய் விலை ஏறித் தவித்த பின், 1976-இல் அமெரிக்க சர்க்கார் வருமானம் குறைந்தோரின் வீடுகளை இலவசமாகக் குளிருக்கு அடைத்துக் கொடுக்கச் சட்டம் செய்தது. இதுவரை 70 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் பயனடைந்துள்ளன.

இத்திட்டத்தை நடத்தும் உள்ளூர்க் காரியாலயங்களில் விண்ணப்பதாரரோடு பேசவென்றே ஒரு சிப்பந்தி உண்டு. சம்பளச் சீட்டையும் மின்சார பில்லையும் வாங்கிப் பார்ப்பார். வருமானம் வறுமைக் கோட்டின் இரு மடங்குக்குள் அடங்குகிறதா எனக் கணக்கிடுவார். முதியோர், உடல் ஊனமுற்றோர், குழந்தையுள்ள குடும்பத்தார் ஆகியோரை வரிசையில் முன்னே வைப்பார். வாடகை வீடானால் சொந்தக்காரரின் சம்மதம் வாங்குவார். பார்வைக்குக் குமாஸ்தா வேலைதான். சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது.

ஒரு டாலர் செலவிட்டால், அந்த வேலை நிலைத்திருக்கும் காலத்துக்குள் ஒரு டாலருக்காவது எரிபொருள் மிச்சமாக வேண்டும் என்பது அத்திட்டத்தின் பொது விதி. வணிகர்களாகிய நாம் வகுத்திருந்தாலும் இப்படித்தான் வகுத்திருப்போம். ஆனால் கூரை ஒழுகினால் உள்ளே திணிக்கும் பஞ்சு நனைந்து பாழாகும். மின்கம்பி மிகப் பழையதானால், அதைப் பஞ்சால் மூடுவது தீ விபத்துக்கு வழி. ஆகவே “முதலில் வீட்டைப் பழுது பாருங்கள், பிறகு வருகிறோம்” என்று வேலையை ஒத்திவைக்கிறார்கள். கூரையை மாற்றப் பணமிருந்தால் அவர் ஏன் விண்ணப்பம் போடப் போகிறார்? மிகவும் நொந்த வீடே வாசலில் திருப்பி அனுப்பப்படுகிறது. அச்செய்தியைத் தொலைபேசியில் சொல்ல வேண்டியவர் இந்தச் சிப்பந்தி.

விதியைச் சற்று வளைத்து, கூரை நன்றாயிருப்பதாக எழுதிவிட்டால் என்ன என்று இரக்கமுள்ளோர் கேட்கலாம். நாம் ஒப்பமாட்டோம். எரியக்கூடிய கம்பியின்மேல் இரக்கத்தைப் போர்த்துவது உபகாரமன்று. மேலும் அப்பணம் வரிசையில் அடுத்து நிற்பவருக்குரிய அமானிதம். ஆயினும் “உமக்கில்லை” என்று சொல்லித் தொலைபேசியை வைத்தவுடன் கடமை தீர்ந்தது என்பாரோடும் நமக்கு உடன்பாடில்லை. கடன் கொடுக்க இயலாதபோது, “இன்னாரிடம் கேட்டுப் பாருங்கள்” என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பும் கடைக்காரரை நாம் அறிவோம். கல்லாவைவிட்டுத் தலை நிமிராதவரையும் அறிவோம்.

நாட்டுப்புற வீடுகளைப் பழுது பார்க்க அங்கே விவசாய இலாகாவின் கடனும் மானியமும் உண்டு. அதற்கு மனுப்போட வழிகாட்டுவது சிப்பந்தியின் வேலைப் பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் கடனே என்போம். அதனினும் முக்கியம், திருப்பியனுப்பிய வீடுகளையும் காரணத்தோடு பதிந்து வைப்பது. முடித்த வீடுகளை மட்டும் எழுதும் ஏட்டில் விடுபட்டவர் இல்லாதவராகிவிடுகிறார். இத்தகைய வீடுகளை முதலில் தகுதியாக்குவதற்கென்றே 2022-இல் அமெரிக்கக் காங்கிரஸ் 1.5 கோடி டாலர் தனியே ஒதுக்கியது. திருப்பியனுப்பிய கணக்கு எங்கும் இல்லாதிருந்தால், அத்தகைய நிதி வேண்டுமென்று எதைக் காட்டிக் கேட்பது? அத்தொகையும் அத்தனை பெரிய நாட்டுக்குச் சொற்பமே. ஒத்திவைப்புச் செய்தியைச் சொல்லும் வேலை அந்தச் சிப்பந்திகளுக்கு இன்னும் இருக்கிறது.