ஓட்டுப் போனது, வாயுமா போனது?

“மேலே இருக்கிறவங்க பார்த்துச் செஞ்சா உண்டு.” இந்தப் பேச்சை இன்றோடு தலைமுழுகுங்கள்! லிஃப்ட் பழுதாகிப் பத்தாம் மாடிக்கு கேஸ் தோம்பைத் தோளில் சுமக்கும் அண்ணன் இதைச் சொல்கிறார். பஸ்ஸுக்குக் காத்திருந்தே சம்பளத்தில் பிடித்தம் வாங்கும் தங்கையும் சொல்கிறாள். பட்டம் வாங்கிய பிள்ளையும் அதையே சொல்லும்போது எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

யார் அந்த மேலே இருக்கிறவர்? 1957-இல் பினாங்கின் ஜார்ஜ்டவுன் மாநகரானபோது அதன் முதல் மேயரானவர் டி. எஸ். ராமநாதன். பள்ளி ஆசிரியர், தொழிற்கட்சிக்காரர். ஊர்மக்கள் ஓட்டுப் போட்டு அமைத்த மன்றம் அது. தண்ணீர், மின்சாரம், பேருந்து எல்லாம் அதன் பொறுப்பில் ஓடின. ஸ்காட் ரோட்டுக்கு இன்று ராமநாதன் பெயர். அந்தச் சாலையில் மோட்டார் சைக்கிளில் பறக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியும்? சொல்லிக்கொடுங்கள். நகரத்தை நிர்வகிப்பது நமக்குப் புதிதல்ல!

1965-இல் நகரமன்றத் தேர்தலை நிறுத்தினார்கள். 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் அதற்குப் பூட்டே போட்டது. தேர்தலை மீட்கப் பினாங்கு அரசு கூட்டரசு நீதிமன்றம் வரை போய், 2014-இல் வெறுங்கையோடு திரும்பியது. சரி, ஓட்டுப் போனது. வாயுமா போனது?

ஒரு சின்ன மாநிலத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் 1969-ஐப் பார்க்கட்டும். தீர்வையற்ற துறைமுகம் என்ற தகுதி பறிபோன ஆண்டு அது. வேலையில்லாதவர்கள் ஏறத்தாழ 15 விழுக்காடு. அந்த நேரத்தில் முதலமைச்சரான லிம் சோங் இயூ கைகட்டி நிற்கவில்லை. பினாங்கு மேம்பாட்டுக் கழகம் பிறந்தது. 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக வட்டாரமும் அதைத் தொடர்ந்து இன்டெல் போன்ற நிறுவனங்களும் வந்தன. ஆனால் ஷிஃப்ட் முறையில் கண்விழித்து அந்த மின்னணுத் தொழிலை வளர்த்த பெண்களை யாரும் கலந்து பேசவில்லை. மின்னணுத் தொழிலாளர்களைச் சங்கம் கட்டவும் பல ஆண்டுகள் விடவில்லை. வேலை கிடைத்தது. ஏழை சொல் மட்டும் அம்பலம் ஏறவில்லை.

ஏற்ற முடியும். பிரேசிலின் போர்த்தோ அலெக்ரே நகரம் 1989 முதல் வரவு செலவுத் திட்டத்தை மக்களிடமே கேட்டுப் போட்டது. 2012-இல் அந்த வழி பினாங்கின் ஜாலான் சுங்கை அடுக்குமாடிக்கு வந்தது. பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகமும் நகராண்மைக் கழகமும் சேர்ந்து ஆண்கள், பெண்கள், இளையோர், முதியோர் என்று தனித்தனியே உட்காரவைத்துத் தேவைகளைக் கேட்டன. பிறகு குடியிருப்பாளர் கையில் பணம் போன்ற தாள்கள். எந்தத் தேவைக்கு எவ்வளவு என்பதை அவரவரே முடிவு செய்து போட்டார்கள். கூட்டத்தில் வாய் திறக்கக் கூசும் அம்மாவின் தாளுக்கும், தொண்டை கிழியப் பேசுகிறவரின் தாளுக்கும் அங்கே ஒரே மதிப்பு. மாற்றுக் கொள்கை என்று மேடைகளில் முழங்குகிறார்களே, அது மாடிப்படி அடியில் நடந்து காட்டிய இடம் இது!

உங்கள் அடுக்குமாடிக்கும் அது வர வேண்டும். தானாக வராது. பூட்டுப் போட்ட அதே 1976 சட்டத்தின் 23-ஆம் பிரிவைப் படியுங்கள். மன்றமே தீர்மானம் போட்டு மறுத்தாலொழிய, அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. 2010-இல் மாநிலச் சட்டமன்றம் தகவல் சுதந்திரச் சட்டத்தையும் நிறைவேற்றியிருக்கிறது. லிஃப்ட் பராமரிப்புக் குத்தகை யாருக்கு, எத்தனை ரிங்கிட்டுக்கு என்று எழுதிக் கேளுங்கள். புளோக்கில் பத்துப் பேரைச் சேருங்கள். பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும். மலாய் தடுமாறினால் படிக்கிற பிள்ளை மனு எழுதித் தரட்டும். வரவு செலவுத் திட்டம் முடிவாகும் முன்பே கொடுத்துவிடுங்கள், பிறகு கொடுத்தால் குப்பைத் தொட்டிக்குத்தான். மன்றம் கூடும் நாளில், கொடுத்த மனுவின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு எஸ்பிளனேடில் உள்ள சிட்டி ஹாலுக்குப் போய் உட்காருங்கள். பதில் வராவிட்டால், அடுத்த கூட்டத்துக்கு இருபது பேராகப் போங்கள்!