நின்றவர்களும் நடந்தவர்களும்

பழைய ரயில் நிலையப் படங்களுக்கு இப்போது புது மவுசு வந்திருக்கிறது. மீட்டர் கேஜ் மின்ரயில், மரப் பெஞ்சு, மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் ஊர்ப்பெயர், படிக்கட்டில் தொங்கும் கூட்டம். பிலிமில் எடுத்த இந்தக் காட்சிகளை ஸ்கேன் செய்து, பெரிதாக்கி, சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். பார்ப்பவர்கள் ‘அந்தக் காலம்’ என்று பெருமூச்சு விடுகிறார்கள். பெருமூச்சில் குற்றமில்லை. ஆனால் அந்தப் படங்களில் பெண்களும் இருக்கிறார்கள். படம் எடுக்கலாமா என்று அவர்களில் பெரும்பாலோரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அன்று கேட்காமல் எடுத்த முகத்தை இன்று நாம் பார்க்கலாமா? மாட்டலாமா? அச்சிடலாமா? ஆண்டுகள் கடந்துவிட்டால் அனுமதி தேவையில்லை என்று ஆகிவிடுமா?

இதற்கு இரண்டு பதில்கள் உடனே எழுகின்றன. இரண்டும் பெண்ணியத்தின் உள்ளிருந்தே வருவதுதான் சிக்கல்.

முதல் பதில்: பொது இடத்தில் ஒரு பெண்ணை அவள் விரும்பாமல் உற்றுப் பார்ப்பது அவள் தினமும் படும் தொல்லை. கண்ணால் பார்த்தவன் இறங்கிப் போய்விடுவான். கேமரா பார்த்தது போகாது. எனவே கேட்காமல் எடுத்த படம், எத்தனை அழகாக இருந்தாலும், அந்தத் தொல்லையின் நீட்சிதான்.

இரண்டாவது பதில்: பெண்கள் வேலைக்குப் போனார்கள், நெரிசலில் நின்றார்கள், நகரத்தைத் தினமும் குறுக்கே கடந்தார்கள் என்பதற்கு நம்மிடம் இருக்கும் சாட்சியம் மிகக் குறைவு. ஆவணங்கள் பயணச்சீட்டுகளை எண்ணின, பயணித்தவர்களை விவரிக்கவில்லை. மிச்சமிருக்கும் படங்களையும் நாமே மூடி வைத்தால், பெண்கள் வீட்டிலேயே இருந்தார்கள் என்ற பழைய பொய்க்கு நாமே துணைபோகிறோம்.

இந்த இரண்டில் ஒன்றைச் சட்டென்று தேர்ந்தெடுப்பதற்கு முன், அந்தப் படங்களில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம்.

இந்திய ரயிலில் பெண்ணின் இடத்தைச் சட்டம் வெகு காலத்துக்கு முன்பே வரைந்துவிட்டது. 1890ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், 1891 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு பயணிகள் ரயிலிலும் மிகக் கீழ் வகுப்பில் குறைந்தது ஒரு பெட்டி அறையாவது பெண்களுக்கென்று ஒதுக்க வேண்டும் என்றது. ஐம்பது மைலுக்கு மேல் போகும் ரயிலானால் அதில் கழிப்பறையும் இருக்க வேண்டும். சென்னையில் கடற்கரை – தாம்பரம் மின்ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. மீட்டர் கேஜ் மின்ரயில் 2004 வரை ஓடியது. அந்த எழுபத்து மூன்று ஆண்டுகளில் ஆசிரியைகள், டைப்பிஸ்டுகள், நர்சுகள், தொலைபேசி ஆபரேட்டர்கள், பூக்காரிகள், மீன்கூடைக்காரிகள் என்று எத்தனை தலைமுறைப் பெண்கள் அந்தத் தடத்தில் போய் வந்திருப்பார்கள்!

ஆனால் அந்தக் காலத்தில் கேமரா பெரும்பாலும் ஆண்கள் கையில்தான் இருந்தது. மகளிர் பெட்டிக்குள் ஆண் நுழைவது குற்றம். எனவே அந்தப் பெட்டியின் படங்கள் நடைமேடையிலிருந்துதான் எடுக்கப்பட்டன. கம்பி, கம்பியைப் பிடித்த வளைக்கை, கைக்குப் பின்னால் பாதி முகம். சிறைக்கூண்டு போலத் தெரியும். உள்ளே இருந்தவர்களுக்கு அது வேறு ஓர் உலகம். அங்கே கீரை ஆய்ந்தார்கள், பூத் தொடுத்தார்கள், சீட்டுப் பணம் கட்டினார்கள், மாமியாரைப் பற்றிப் பேசினார்கள், இடத்துக்குச் சண்டை போட்டார்கள், கால் நீட்டித் தூங்கினார்கள். அந்த உலகம் பழைய நெகட்டிவ்களில் அநேகமாக இல்லை. மும்பையில் அனுஸ்ரீ ஃபட்னவிஸ் என்ற பெண் புகைப்படக்காரர் உள்ளூர் ரயிலின் மகளிர் பெட்டியில் தானும் ஒரு பயணியாக உட்கார்ந்து கைபேசியில் எடுத்த படங்களைப் பார்த்தால், பிலிம் காலத்தில் நாம் எதை இழந்தோம் என்று புரியும்.

இன்னொன்று, பிலிமின் இயல்பு. ஒரு ரோலில் 36 படங்கள். இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஊட்டியில் தயாரித்த ‘இந்து’ பிலிமோ, கிழக்கு ஜெர்மனியின் ‘ஆர்வோ’வோ, எதுவானாலும் ஒவ்வொரு கிளிக்கும் காசு. மாலை வெளிச்சத்தில், கூரை போட்ட நடைமேடையில், ஷட்டரை நிதானமாகத்தான் திறக்க வேண்டும். நின்றவர் தெளிவாக விழுவார். நடந்தவர் கலங்கிப் போவார். ரகு ராய் 1995இல் மும்பை சர்ச்கேட் நிலையத்தில் எடுத்த புகழ்பெற்ற படம் இந்தக் கணக்கின் மீதே நிற்கிறது. உட்கார்ந்து செய்தித்தாள் வாசிப்பவர்கள் துல்லியமாகத் தெரிகிறார்கள். அவர்களைச் சுற்றிக் கூட்டம் புகைபோல ஓடுகிறது.

சரி, ஒரு ரயில் நிலையத்தில் யாரால் அசையாமல் நிற்க முடியும்? ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே ஆகிய மூவரும் மும்பையை ஆராய்ந்து எழுதிய ‘வொய் லாய்ட்டர்?’ நூல் (2011) இதைத்தான் கேட்டது. பொது இடத்தில் பெண் இருக்கலாம், ஆனால் அவளுக்கு ஒரு காரியம் இருக்க வேண்டும். போய்க்கொண்டே இருக்க வேண்டும். சும்மா நிற்கும் பெண்ணை ஊர் விடாது. டீக்கடையில் சாய்ந்து நிற்கும் ஆண் சாதாரணம். அதே இடத்தில் சாய்ந்து நிற்கும் பெண் சந்தேகத்துக்கு உரியவள். எனவே அவள் நடந்தாள். நடந்ததால் பிலிமில் கலங்கினாள். நம் ஆல்பங்களில் ஆண்கள் முகங்களாகவும் பெண்கள் நிழல்களாகவும் இருப்பதற்குப் புகைப்படக்காரரின் உள்நோக்கம் தேவையில்லை. ஊரின் விதியும் ஷட்டரின் விதியும் சேர்ந்தே அந்த வேலையைச் செய்துவிட்டன.

இதற்கு விதிவிலக்கு, உட்கார்ந்து வேலை செய்த பெண்கள். படிக்கட்டோரம் பூ விற்றவர், நடைமேடையில் கூடையோடு குந்தியிருந்தவர். இவர்கள் முகம் தெளிவாக விழுந்திருக்கிறது. சுருக்கம், மூக்குத்தி, வெற்றிலைக் கறை எல்லாம் தெரியும். ‘உழைக்கும் கரங்கள்’ என்று தலைப்பும் கிடைத்துவிடும். அலுவலகம் போகும் பெண்ணைப் படம் எடுத்தால் அவள் திரும்பி ஒரு வார்த்தை கேட்பாள் என்ற பயமாவது இருந்தது. பூக்காரியிடம் அந்தப் பயமும் இல்லை. யாருடைய அனுமதி தேவை, யாருடையது தேவையில்லை என்பதைச் சாதியும் வர்க்கமும் கேமராவுக்கு முன்பே தீர்மானித்துவிடுகின்றன.

இந்தக் கேள்வி எனக்கு வெறும் கருத்தாக இருந்தது, என் சித்தப்பாவின் நெகட்டிவ் பெட்டி வீட்டுக்கு வரும்வரை. எண்பதுகளில் அவர் ஓய்வு நேரங்களில் ரயில் நிலையங்களைப் படம் எடுத்தவர். பதினொரு ரோல்கள். அவர் மகன் அவற்றைக் கண்காட்சியாக வைக்க விரும்பினான். அந்தக் காலத்தில் அதே தடத்தில் வேலைக்குப் போய் வந்தவள் என் அம்மா. படங்களை அவளிடம் காட்டினோம்.

நாங்கள் கூட்டம் என்று பார்த்ததை அவள் வேறு மாதிரி வாசித்தாள். நடைமேடையில் ஓரிடத்தில் மட்டும் பெண்கள் திரண்டு நிற்பதைக் காட்டி, “இது தானா சேர்ந்த கூட்டம் இல்லடி. லேடீஸ் பெட்டி வந்து நிக்கிற இடம். ஒரு அடி தள்ளி நின்னா ஏற முடியாது” என்றாள். எல்லாரும் கைப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தார்கள். “என்ன, குளிருக்கா பிடிச்சிருக்கோம்?” என்று சிரித்தாள்.

அந்தப் பதினொரு ரோல்களில் ஒரு படம் மிக அழகானது. மதிய நேரம், காலி நடைமேடை, பெஞ்சில் தனியாக ஓர் இளம்பெண். மடியில் சாப்பாட்டுப் பை. முகம் அவ்வளவு தெளிவு. சித்தப்பா பின்புறம் ‘காத்திருப்பு’ என்று பென்சிலால் எழுதியிருந்தார். அம்மா அதைக் கையில் எடுத்ததும் பேச்சை நிறுத்தினாள். பிறகு சொன்னாள்: “இவ யாருக்காகவும் காத்திருக்கல. வேலை போயிடுச்சு. வீட்ல சொல்லல. சொன்னா அடுத்த வேலைக்கு அனுப்ப மாட்டாங்க, கல்யாணம் பண்ணி வெச்சுடுவாங்கன்னு பயம். எப்பவும்போல சோறு கட்டிக்கிட்டு ரயிலேறி வந்து, சாயங்காலம் வரைக்கும் இங்க உக்காந்துட்டுப் போவா. எங்க செட்டுல ரெண்டு மூணு பேருக்குத்தான் தெரியும்.”

இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். தெரியாது என்றாள். பிறகு, “அவகிட்ட கேக்காம மாட்டாதீங்க” என்றாள்.

அந்தப் படத்தில் நான் மேலே சொன்ன இரண்டு பதில்களும் மோதிக்கொள்கின்றன. பொது இடத்தில் எந்தக் காரியமும் இல்லாமல் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த ஒரு பெண். வரலாற்றில் நாம் தேடும் அரிய சாட்சியம் இதுதான். அவள் நின்றாள், அதனால் தெளிவாக விழுந்தாள். ஆனால் அவள் எதை மறைக்க அங்கே உட்கார்ந்திருந்தாளோ அதைத்தான் இந்தப் படம் வெளியே சொல்கிறது. நம் வரலாற்றுக்கு அவள் முகம் தேவை என்பது உண்மை. அந்தத் தேவையை அவள் தலையில் சுமத்தலாமா என்பது வேறு கேள்வி.

காலம் இதைத் தீர்த்து வைக்காதா என்று கேட்கலாம். அமெரிக்கப் புகைப்படக்காரர் வாக்கர் எவன்ஸ் 1938க்கும் 1941க்கும் இடையில் நியூயார்க் சுரங்க ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர்களை ரகசியமாகப் படம் எடுத்தார். கோட்டுக்குள் கேமரா, பொத்தான்களுக்கு நடுவே லென்ஸ், கைச்சட்டை வழியே ஷட்டர் வயர். பல நேரங்களில் ஹெலன் லெவிட் என்ற இளம் புகைப்படக்காரரும் உடன் சென்றார். அந்தப் படங்களை எவன்ஸ் உடனே நூலாக்கவில்லை. 89 படங்கள் கொண்ட நூல் 1966இல்தான் வந்தது. அந்தக் கால் நூற்றாண்டு இடைவெளியை அவருடைய நாகரிகத்துக்குச் சான்றாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பாதி வாதமாகவே படுகிறது. இருபத்தைந்து ஆண்டுகளில் முகம் மாறும், அடையாளம் காண்பது கடினமாகும், தீங்கு குறையலாம். ஆனால் தீங்கு குறைவதும் சம்மதம் கிடைப்பதும் ஒன்றல்ல. கேட்காமல் எடுத்த கடன் வட்டியில்லாமல் நின்றுவிடலாம், அடைபட்டதாகாது. மேலும், காலம் எல்லாரையும் ஒரே மாதிரி கடப்பதில்லை. படிக்கட்டில் தொங்கிய இளைஞன் அறுபது வயதில் தன் படத்தைப் பார்த்துப் பேரனிடம் பெருமை பேசுவான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் அறுபது வயதிலும் ‘அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய்?’ என்று கேட்க ஆள் இருக்கும்.

அப்படியென்றால் அவளைப் பற்றி நான் மட்டும் எழுதலாமா? நியாயமான கேள்வி. இங்கேதான் எழுத்தும் படமும் பிரிகின்றன. நான் நிலையத்தின் பெயரைச் சொல்லவில்லை, ஆண்டைச் சொல்லவில்லை, அவள் முகத்தையும் உடையையும் விவரிக்கவில்லை. ஆனாலும் அவள் செய்த காரியத்தின் துணிவு உங்களை வந்து சேர்ந்திருக்கிறது. எழுத்து சொல்லிக்கொண்டே மறைக்கும். படத்துக்கு அந்தத் திறன் இல்லை. முகத்தைக் காட்டாமல் முகம் உள்ள படத்தைக் காட்ட முடியாது.

எல்லாப் படங்களையும் பெட்டியில் போட்டுப் பூட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கூட்டம் கூட்டமாகவே இருக்கும் படங்களை, மகளிர் பெட்டி நிற்கும் இடத்தில் திரண்ட அந்தப் பெண்களை, நெஞ்சோடு அணைத்த பைகளை நாம் காட்ட வேண்டும். அவற்றைப் பற்றி எழுதும் வேலையை, அந்த ரயிலில் ஏறி இறங்கிய பெண்களிடம் தர வேண்டும். ‘காத்திருப்பு’ என்ற தலைப்பு எவ்வளவு கவித்துவமானது, எவ்வளவு பொய்யானது என்று என் அம்மா போன்ற ஒருத்திதான் சொல்ல முடியும். ஒரே ஒரு முகத்தைத் தனியே பிரித்துக் காட்டும் படமானால் நிலைமை வேறு. அந்த முகத்துக்குரியவளைத் தேட வேண்டும். கிடைக்கவில்லை என்றால், அந்தப் படத்தால் இன்னும் யாருக்கு என்ன நேரலாம் என்று யோசிக்க வேண்டும். ஐயம் இருந்தால் மாட்டக் கூடாது. பூக்காரிக்கும் இதே அளவுகோல்தான். அவர் ஏழை என்பதால் அவர் முகம் ஊர்ப் பொதுச்சொத்து ஆகிவிடாது.

இதனால் சில நல்ல படங்களை நாம் இழப்போம். இழக்கலாம். புகைப்படக் கலையின் வரலாற்றில் ஒரு படம் குறைவது, ஒரு பெண் தன் வாழ்க்கையைப் பற்றித் தானே சொல்லும் உரிமையை இழப்பதைவிடச் சிறிய நட்டம்.

இது பழங்கதையும் அல்ல. ஜப்பானில் கைபேசிக் கேமராவின் ஷட்டர் ஓசையை அணைக்க முடியாதபடி தயாரிப்பாளர்கள் வைத்ததற்கு, ரயிலிலும் நிலையங்களிலும் பெண்களைக் களவாகப் படம் எடுத்தவர்களே காரணம். நம் நடைமேடைகளில் இன்று பாதுகாப்பின் பெயரால் கண்காணிப்புக் கேமராக்கள் வந்துவிட்டன. அவற்றுக்கு 36 படக் கணக்கு இல்லை. மங்கிய வெளிச்சமும் தடையில்லை. நடந்தாலும் முகம் கலங்குவதில்லை. பிலிம் காலத்தில் வேகமாக நடந்த பெண்ணுக்குத் தற்செயலாகக் கிடைத்த மறைவும் இப்போது போய்விட்டது. பழைய நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது நாம் கேட்கப் பழகும் கேள்வி அங்கேயும் பொருந்தும்: இந்தப் பார்வை யாருக்காக, அவளிடம் யார் கேட்டார்கள்?