உடல் நோவும் உள்ளத்து நோவும்



நம் சங்கத்தின் பௌர்ணமிக் கூட்டங்களுக்கு வருவோருள் நோவு இல்லாதார் சிலரே. மூட்டை சுமந்து முதுகு தேய்ந்தவர், ஆலையில் நின்று முழங்கால் வீங்கியவர், சாரத்தினின்று விழுந்து முறிந்த எலும்பு கூடிய பின்னும் வலி நீங்காதவர் எனப் பலர் வருகின்றனர். "உடம்புக்கு என்ன?" என வினவினால், அவர்களிற் பலர் கூறும் விடை ஒன்றே: "எல்லாம் பழவினை. அனுபவித்துத்தானே தீர வேண்டும்!"

நாம் தாழ்ந்த குலத்திற் பிறந்தோம் என்பதற்கும் இப்பழவினையையே நம் முன்னோரிடம் காரணமாகக் கூறினர். அதனை உதறித் திரிசரணம் புகுந்த நாம், முதுகுவலிக்கு மட்டும் அதனையே மூட்டை கட்டி வைத்திருத்தல் தகுமோ?

சீவகன் என்னும் பரிவிராசகன் பகவரிடம் இதே வினாவை எழுப்பினான் என்று சம்யுத்த நிகாயம் கூறுகிறது. மனிதன் அடையும் இன்பதுன்பம் அனைத்தும் முன்வினையே எனச் சிலர் கூறுகின்றனரே, தாங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று அவன் கேட்டான். பகவர் அக்கொள்கையை ஏற்கவில்லை. பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், உடலை ஒழுங்காகப் பேணாமை, புறத்திலிருந்து வரும் தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களை அவர் வகுத்துரைத்தார். எட்டில் ஒன்றே வினை. ஏனைய ஏழும் மருத்துவனும் நாமும் ஆராய்ந்து அறியத்தக்கவை. 1898ஆம் ஆண்டில் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவராகவும் விளங்கினார் என்பதை இங்கு நினைவு கூர்வோம். தம்மம் உரைத்த நாவும் நாடி பார்த்த கையும் ஒருவருடையனவே.

ஆகவே நோவு வந்தால் முதற்கடமை மருத்துவம். அடிபட்ட இடம் சிவந்து, வீங்கி, சூடேறி, வலிப்பது ஏன்? உடல் தன் காயத்தைத் தானே ஆற்ற முற்படும் வேலை அது. குருதி அவ்விடத்திற்கு மிகுதியாகப் பாய்கிறது. நோய்க்கிருமிகளை எதிர்க்கும் அணுக்கள் அங்கே கூடுகின்றன. இவ்வழற்சி காயம் ஆறியதும் அடங்குவதே இயல்பு. சிலர்க்கு அடங்குவதில்லை. வேறு சிலர்க்கு அழற்சி அடங்கிய பின்னும், வலியைத் தாங்கிச் செல்லும் நரம்புகள் ஓயாத காவலாளியைப் போலக் கூவிக்கொண்டேயிருக்கின்றன. மூன்று திங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்று இன்றைய மருத்துவர் வகுக்கின்றனர். அது பொய்யும் அன்று, பாசாங்கும் அன்று. நோவு என்பது உடலுணர்வு மட்டுமன்று, உள்ளத்து அனுபவமும் ஆகும் என்பது மருத்துவ உலகு ஒப்புக்கொண்ட உண்மை.

இவ்வுண்மையைப் பகவர் அம்பு உவமையால் விளக்கினார். கல்லாதவன் ஒருவன் அம்பினால் தைக்கப்படுகிறான். உடனே அரற்றலும் அச்சமும் வெறுப்பும் ஆகிய இரண்டாம் அம்பும் அவன்மேல் பாய்கிறது. தம்மத்தைக் கேட்டுத் தேர்ந்தவனுக்கோ முதல் அம்பு மட்டுமே தைக்கிறது. முதல் அம்பு அவனுக்கும் வலிக்கும் என்பதை மறவாதீர். பகவருக்கும் வலித்தது. கபிலவத்துவில் சாக்கியர் கட்டிய புதிய மண்டபத்தில் இரவு நெடுநேரம் அறம் உரைத்தபின், முதுகு வலிக்கிறது, சற்றுப் படுக்கிறேன் என்று கூறி, எஞ்சிய உரையை ஆனந்தரிடம் ஒப்படைத்து அவர் வலப்புறமாகச் சாய்ந்தார். முதுகுவலி என்று சொல்ல அப்பெருமான் நாணவில்லை. ஓய்வு கொள்ளவும் நாணவில்லை. கற்சில்லு பாதத்தைக் கிழித்தபோது கலங்காது பொறுத்தார். ஜீவகர் இட்ட மருந்தையும் ஏற்றார் என்று உரைநூல் கூறும். பொறுமையும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-ஜின் என்பார், பௌத்த தியான முறையினின்று எடுத்த நல்நினைவுப் பயிற்சியை நாட்பட்ட வலியுற்றோர்க்குக் கற்பிக்கத் தொடங்கினார். நெடுநாள் நீடித்த இடுப்புவலிக்கு மாத்திரைக்கு முன்னரே உடற்பயிற்சி, நல்நினைவுப் பயிற்சி முதலியவற்றை நாடுமாறு 2017இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி நெறிமுறை வகுத்தது. இப்பயிற்சி வலியை முற்றும் துடைத்துவிடும் என எவரும் வாக்களிக்கவில்லை. வலியோடு வாழும் வல்லமையை அது வளர்க்கும்.

மருந்து ஒன்று, நல்நினைவு ஒன்று. மூன்றாவதாகத் துணையொன்று வேண்டும். அதனைக் கற்பிக்க நமக்கு ஓர் ஊர் உண்டு.

பூனா நகரின் கிழக்கே உள்ளது ஹடப்சர். இன்று நகரோடு கலந்துவிட்ட அப்பகுதி அன்று புறத்தே இருந்த சிற்றூர். 1897ஆம் ஆண்டில் பூனாவைக் கொள்ளைநோய் பற்றியது. அரையிலும் அக்குளிலும் நெறி கட்டி, காய்ச்சலும் கடுநோவும் மூள, மக்கள் மாண்டனர். அந்நோயைத் தீர்க்கும் மருந்து அன்று எவரிடமும் இல்லை. அவ்வேளையில் அன்னை சாவித்திரிபாய் பூலேயும் அவர்தம் தத்துப்புதல்வர் மருத்துவர் யஷ்வந்தும் ஹடப்சர் அருகே சாசனே தோட்டத்தில் ஒரு மருத்துவ விடுதி திறந்தனர். தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்டோர்க்கும் அங்கே இடம் இருந்தது. முண்ட்வாவில் மகார் குடியிருப்பைச் சேர்ந்த பாண்டுரங்கன் என்னும் சிறுவன் நோயுற்றான் எனக் கேட்டு, அறுபதைக் கடந்த அன்னையார் அங்கு விரைந்து, அவனைத் தம் முதுகில் சுமந்து விடுதிக்குக் கொண்டுவந்தார். சிறுவன் பிழைத்தான். அன்னையாரைத் தொற்று பற்றியது. 1897 மார்ச் 10ஆம் நாள் அவர் உயிர் நீத்தார்.

அன்னையார் பௌத்தர் அல்லர். ஆயினும் அவர் கணவர் ஜோதிராவ் பூலேயைத் தம் ஆசான் மூவருள் ஒருவராகப் போற்றினார் பாபாசாகேப் அம்பேத்கர். தொடுதலே பாவம் என்ற நாட்டில், தொட்டுத் தூக்குதலே முதல் மருந்து என்று காட்டினார் அவ்வன்னை. விநய நூலும் இதனையே கூறுகிறது. வயிற்றுப்போக்கால் தன் மலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவரை ஏனையோர் கைவிட்டிருந்தனர். பகவர் ஆனந்தரோடு சென்று தம் கையால் அவரைக் கழுவிக் கிடத்தினார். தமக்குப் பணிசெய்ய விரும்புவோர் நோயாளிக்குப் பணிசெய்க என்றும் ஆணையிட்டார். வலியினும் கொடியது, என் வலியைக் கேட்பாரில்லை என்னும் தனிமை.

அதே ஹடப்சரில் 1966இல் நிறுவப்பட்ட சீரம் இன்ஸ்டிடியூட், டெட்டனஸ் எனப்படும் இசிவு நோய்க்கெதிரான ஊநீரைத் தன் தொடக்க காலத்தில் ஆக்கியது. அன்பும் வேண்டும், ஊசியும் வேண்டும் என்று அவ்வூர் நமக்கு ஓதுகிறது.

அன்பர்காள்! இனி நாம் செய்யத்தக்கவை யாவை?

துருப்பிடித்த இரும்பு கிழித்தாலும் மண் படிந்த காயம் ஏற்பட்டாலும் மருத்துவரிடம் சென்று, தடுப்பூசி வேண்டுமோ எனக் கேட்போம். முதுகுவலியோடு காய்ச்சல், கால் மரத்தல், சிறுநீர் அடக்க இயலாமை ஆகியவை தோன்றின் ஒரு நாளும் தாழ்த்தாது மருத்துவமனை சேர்வோம். காலையில் நெடுநேரம் விறைத்து வீங்கும் மூட்டுகளை மூப்பு என ஒதுக்கோம். அழற்சி மூட்டை அரிக்குமுன் மருந்து தொடங்குதல் நன்று. கடையில் தாமே வாங்கி நாள்தோறும் விழுங்கும் வலி மாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என அறிவோம்.

வலியை மறக்கக் குடிக்கிறேன் என்பார்க்குக் கனிவோடு உரைப்போம்: கள்ளும் சாராயமும் உறக்கத்தைக் கெடுக்கும், காயம் ஆறுவதையும் தாமதிக்கும். ஐந்தாம் சீலம் நல்ல மருந்துச் சீட்டும் ஆகும்.

நெடுநாள் படுக்கையில் கிடவாது, மருத்துவர் காட்டிய அளவில் நாள்தோறும் சிறிது நடப்போம். மாலையில் கால் நாழிகை அமர்ந்து, அமர இயலாவிடின் படுத்து, மூச்சு வருவதையும் போவதையும் கவனிப்போம். வலி எழுந்தால், இது வலி, இது வலியைப் பற்றிய அச்சம் என்று இரண்டையும் பிரித்தறிவோம். முதல் அம்பை மருத்துவர் பார்ப்பார். இரண்டாம் அம்பை எய்யாதிருத்தல் நம் கையில் உள்ளது.

இறுதியாக ஒன்று. அடுத்த பௌர்ணமிக்கு வாராதவர் யார் எனப் பார்ப்போம். படியேற இயலாது வீட்டிலேயே முடங்கியவர் இருப்பின், கூட்டம் முடிந்ததும் இருவராகச் சென்று அவர் அருகில் அமர்வோம். "உன் வினை" என்று சொல்லாது, "எங்கே வலிக்கிறது?" என்று கேட்போம். அக்கேள்வியும் புத்த பூசையே.

எல்லா உயிர்களும் நோவு நீங்கி நலம் பெறுக!