நிகர் என்பது எது?

அரபு மொழியில் நீதியைக் குறிக்கும் 'அத்ல்' என்னும் சொல்லும், ஒட்டகத்தின் இருபுறமும் நிறை ஒத்துத் தொங்கும் பொதியைக் குறிக்கும் 'இத்ல்' என்னும் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. ஒரு பொதியில் பேரீச்சம்பழம் இருக்கலாம். மறுபொதியில் கோதுமை இருக்கலாம். சரக்கு வேறு, நிறை ஒன்று. ஆணுக்கும் பெண்ணுக்குமிடையே நீதி யாது என்னும் வினாவுக்கு இவ்வுவமையே போதுமென எண்ணுகிறோம்.

மருத்துவ உலகில் இந்நிறை இருவகையில் பிழைத்திருக்கிறது.

டோக்கியோ மருத்துவப் பல்கலைக்கழகம், நுழைவுத் தேர்வில் பெண்களின் மதிப்பெண்களைப் பல்லாண்டுகள் மறைவாகக் குறைத்து வந்த செய்தி 2018ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. மணமும் மகப்பேறும் வந்தபின் பெண்கள் தொழிலைக் கைவிடுவர் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். எழுதிய விடைக்கு ஆண் ஏது, பெண் ஏது? ஒன்றாக மதிக்க வேண்டிய இடத்தில் அவர்கள் வேற்றுமை பாராட்டினர்.

இதற்கு நேர்மாறானது மற்றது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1977இல், கருவுறும் பருவத்துப் பெண்களை மருந்துகளின் தொடக்கநிலைச் சோதனைகளிலிருந்து விலக்கிவைக்க நெறி வகுத்தது. சிசுவைக் காக்கும் நோக்கம் நன்றே. ஆயின், அதனால் ஆணின் உடலே அனைவருக்கும் அளவுகோலாயிற்று. 1993இல்தான் அந்நெறி தளர்த்தப்பட்டது. 'ஸோல்பிடெம்' என்னும் உறக்க மருந்து பெண்ணுடலைவிட்டு மெதுவாகவே அகலும். மறுநாள் காலையிலும் மயக்கம் எஞ்சி, வாகனம் ஓட்டுவோருக்கு இடர் விளையும். 1992இல் அனுமதி பெற்ற அம்மருந்தில் பெண்களுக்குரிய தொடக்க அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்க 2013 வரை காத்திருக்க நேர்ந்தது. வேற்றுமை காண வேண்டிய இடத்தில் ஒன்றெனக் கொண்டதன் விளைவு இது.

எனவே, எல்லாவற்றையும் ஒன்றாக்குவதும் நீதியன்று. எல்லாவற்றையும் பிரித்துவைப்பதும் நீதியன்று. தகுதியை ஒன்றாகவும், தேவையை அவரவர்க்கு உரியவாறும் மதிப்பதே நிகர்.

இது நம் இல்லங்களுக்கும் உரிய வினா. சென்னை மருத்துவக் கல்லூரி 1875இல் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அங்கே பயின்ற மேரி ஷார்லீப் அம்மையார், ஆடவரிடம் மருத்துவம் பெறத் தயங்கிய பெண்களுக்காக 1885இல் தொடங்கிய மருத்துவமனைதான், பின்னர் திருவல்லிக்கேணியில் நிலைபெற்று 'கோஷா ஆஸ்பத்திரி' என்று மக்கள் நாவில் நிலைத்தது. ஒரு பெண் கற்றதனால் திரைக்குப் பின்னிருந்த எத்தனையோ தாய்மார்க்கு மருந்து கிட்டியது.

தம் மனைவிக்குப் பெண் மருத்துவரைத் தேடியலைகிற ஒருவர், "மணமானபின் படிப்பால் என்ன பயன்?" என்று தம் மகளைத் தடுப்பாராயின், டோக்கியோவில் மதிப்பெண்ணைக் குறைத்தவர்களின் வாதத்தையே அவரும் வழிமொழிகிறார். பிறர் மகளின் கல்வியால் பயன்பெற்றுத் தம் மகளின் கல்வியை மறுப்பது எந்தத் துலாக்கோலில் நிகராகும்?