வைத்திருப்பதெல்லாம் பற்றா?

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் சாலையில் சிலமலை, ராசிங்காபுரம் தாண்டி, பண்ணைப்புரம், கோம்பை வழியாகப் போனால் உத்தமபாளையம் வரும். அங்கே கருப்பணசாமி கோயில் பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தலைக்கு மேல் பாம்பு படம் விரித்த பார்சுவநாதரை யாரும் எளிதில் அடையாளம் கண்டுகொள்ளலாம். வட்டெழுத்தில் அச்சணந்தி என்ற முனிவரின் பெயர் இருக்கிறது. மதுரையைச் சுற்றியுள்ள ஆனைமலை, அழகர்மலை, கருங்காலக்குடிப் பாறைகளிலும் அதே பெயரைக் காணலாம். காலம் 9, 10ஆம் நூற்றாண்டு. அந்த உருவங்களின் கையில் ஒன்றுமில்லை, உடம்பில் ஒன்றுமில்லை. பற்றறுத்தல் என்றால் இதுதான் என்று பார்ப்பவர் எடுத்துக்கொள்வார். எவ்வளவு குறைவாக வைத்திருக்கிறாரோ அவ்வளவு துறந்தவர் என்ற கணக்கு நம் மனத்தில் ஊறிப்போனது. இந்தக் கணக்கு தவறு என்பது என் கட்சி. இதற்குச் சாட்சி சமண நூலிலேயே இருக்கிறது. ஆனால் அதைவிடத் தெளிவான சாட்சி, தொலைபேசி அழைப்புகளைக் கையாளும் ஒரு சர்வரின் மேல் லோடு ஏற்றிச் சோதிக்கும்போது அதன் மெமரி நடந்துகொள்ளும் விதத்தில் கிடைக்கிறது. அங்கிருந்து தொடங்குகிறேன்.

இணையவழித் தொலைபேசிக்குப் பரவலாகப் பயன்படும் ஆஸ்டெரிஸ்க், 1999இல் மார்க் ஸ்பென்சர் எழுதத் தொடங்கிய மென்பொருள். இப்படிப்பட்ட ஒரு சர்வரை வேலைக்கு வைக்கும் முன் அது எத்தனை அழைப்பைத் தாங்கும் என்று பார்ப்பதற்காக, சிப்-பி என்ற கருவியால் போலி அழைப்புகளைத் தொடுப்பார்கள். நொடிக்கு இத்தனை, ஒவ்வொன்றும் இவ்வளவு நேரம் என்று குறித்துவிட்டால் அது சளைக்காமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். வழக்கமாகக் குரலை 20 மில்லி நொடிக்கு ஒரு பொட்டலமாக நறுக்குவதால், ஒரே சமயத்தில் 500 பேர் பேசினால் அவர்கள் பக்கத்திலிருந்து நுழைவது மட்டும் நொடிக்கு 25,000 பொட்டலம். மெமரிப் பயன்பாட்டைக் காட்டும் வரைபடக் கோடு ஏறுகிறது. பிறகு லோடை நிறுத்துகிறார்கள். நடக்கும் அழைப்பு பூஜ்யம். கோடு மட்டும் இறங்க மறுக்கிறது, இறங்கினாலும் பழைய இடத்துக்கு வருவதில்லை. பார்ப்பவர் வாயில் வரும் முதல் சொல் 'லீக்'. வேலை முடிந்தும் விடவில்லை, ஆகவே ஏதோ கோளாறு என்ற தீர்ப்பு அது. துறவியையும் செல்வந்தனையும் உடைமையின் அளவை வைத்து நிறுக்கும் மனமும் இதே தீர்ப்பைத்தான் எழுதுகிறது.

விடாமல் இருப்பவை எவை என்று பிரித்துப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு ஆட்டம் காணும். உரையாடல்களை ரெக்கார்டு செய்து டிஸ்க்கில் எழுதும்போது லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதன் பிரதியை மெமரியிலும் வைத்துக்கொள்கிறது. யாராவது திரும்பக் கேட்டால் டிஸ்க்கைத் தொடாமல் கொடுக்கலாம் என்பதற்காக. சும்மா கிடக்கும் இடத்தைத்தான் இப்படி நிரப்புகிறது. இன்னொரு நிரல் இடம் கேட்டால் அந்தப் பிரதிகளை விட்டுக்கொடுத்துவிடும். ஆனால் கணக்குப் பார்த்தால் காலி இடம் குறைந்து தெரியும். இதைக் கண்டு பதறியவர்கள் உலகம் முழுக்க உண்டு. 'காலி' என்ற ஒரு வரி போதாது, 'கேட்டால் கிடைக்கக்கூடியது' என்று தனி வரி வேண்டும் என்று கெர்னலை எழுதுபவர்களே 2014இல் ஒன்றைச் சேர்த்தார்கள். அழைப்பை ஏற்படுத்தவும் துண்டிக்கவும் பயன்படும் சிப் நெறிமுறையிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. 2002இல் வெளியான அதன் விதிப்படி, யுடிபி என்ற அனுப்புமுறை வழியாக வந்த 'வைத்துவிடுகிறேன்' என்ற செய்திக்குப் பதில் அனுப்பிய பிறகும், சர்வர் அந்தப் பரிமாற்றத்தின் தடத்தை 32 நொடி வைத்திருக்க வேண்டும். அரை நொடியின் 64 மடங்கு அது. பதில் வழியில் தொலைந்திருந்தால் எதிர்முனை மறுபடி கேட்கும். தடத்தை அதற்குள் அழித்துவிட்ட சர்வருக்கு அந்தக் கேள்வி எதைப் பற்றியது என்றே தெரியாது. நொடிக்கு 100 அழைப்பு முடிகிறது என்றால், முடிந்துபோன 3,200 அழைப்புகளின் தடம் எந்த நேரமும் உள்ளே இருக்கும். இது பற்று அல்ல, எதிர்முனைக்குப் பட்ட கடன். இங்கே உடனே விட்டுவிடுவதுதான் பொறுப்பின்மை.

இன்னும் பெரிய பங்கு ஓர் இடைத்தரகரிடம் இருக்கிறது. கெர்னலிடம் இடத்தை மொத்தமாக வாங்கி, நிரல் கேட்கக் கேட்கச் சில்லறையாகப் பிரித்துக் கொடுக்கும் ஜி-லிப்சி நூலகம்தான் அந்தத் தரகர். போடியில் ஏலக்காய் வியாபாரி குடோனை வாடகைக்குப் பிடித்திருப்பதை நினைத்துக்கொள்ளலாம். மலையிலிருந்து காய் ஒரே நாளில் வந்து தீர்வதில்லை. ஏறத்தாழ 40 நாளுக்கு ஓர் எடுப்பாக மாதக்கணக்கில் இறங்குகிறது. ஓர் எடுப்பின் மூட்டைகள் ஏலத்துக்குப் போய்விட்டன என்று எந்த வியாபாரியும் குடோனைத் திருப்பிக் கொடுத்து, அடுத்த எடுப்புக்கு மறுபடி அலைவதில்லை. கொடுக்க நினைத்தாலும், கடைக்கோடியில் விற்காத ஒரு மூட்டை கிடந்தால் அதற்கு முன்னாலுள்ள காலி இடத்தையும் சேர்த்துத்தான் வைத்திருக்க வேண்டியிருக்கும். ஜி-லிப்சி வாங்கிய இடத்தை வைத்திருக்கும் முதன்மைக் களமும் அப்படித்தான். மேல் நுனியிலிருந்துதான் சுருங்கும், நுனியில் ஒரு சிறு துண்டு பயன்பாட்டில் இருந்தால் அதற்குக் கீழே காலியான இடமும் சர்வரின் பெயரிலேயே நிற்கும். போதாக்குறைக்கு, 64 பிட் கணினியில் ஒரு கோருக்கு 8 வீதம் வரை தனித்தனிக் களம் திறந்துகொள்ளும் வழக்கம் அதற்கு உண்டு. எட்டுக் கோர் என்றால் 64 களம் வரை போகும். கோடு இறங்காததற்குப் பல இடங்களில் காரணம் இவ்வளவுதான்.

உண்மையான கோளாறும் உண்டு, அது இரண்டு விதம். ஆஸ்டெரிஸ்க்கில் ஓர் அழைப்பின் விவரம் அடங்கிய பொருளை எத்தனை பகுதிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று ஓர் எண் வைத்திருப்பார்கள். பிடிக்கும்போது ஒன்று கூடும், விடும்போது ஒன்று குறையும், பூஜ்யம் ஆனதும் பொருள் கலைக்கப்படும். எங்கோ ஒரு வரியில், அதுவும் பெரும்பாலும் பாதியில் துண்டித்த அழைப்பைக் கையாளும் வரியில், விடுவதை எழுத மறந்திருப்பார்கள். எண் 1-இலேயே நின்றுவிடும். அந்த அழைப்பு முடிந்து நாளாகியிருந்தாலும் அதன் பொருள் உள்ளே உயிரோடு இருக்கும். இன்னொரு விதத்தில், இடத்தை வாங்கியவன் அதன் முகவரியையே தொலைத்துவிடுகிறான். பிடித்திருப்பவர் யாரும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் ஆள் இல்லை. வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி இவற்றைத் 'தொலைந்தவை' என்றும், 'இன்னும் எட்டக்கூடியவை' என்றும் வேறுவேறாகவே பட்டியலிடுகிறது. நம் மரபும் பற்றையும் அறியாமையையும் இரண்டு குற்றமாகவே பார்க்கிறது. முதல் விதம் பற்று, இரண்டாவது விதம் அறியாமை.

இத்தனை விதமும் ஒரே கோட்டுக்குள் கூடிக்கிடக்கும்போது எது எது என்று எப்படிச் சொல்வது? அளவு சொல்லாது. 2 ஜிபி வைத்திருக்கும் நிரல் குற்றமற்றதாகவும், 200 எம்பி வைத்திருப்பது கசிவதாகவும் இருக்கலாம். தேர்ந்தவர்கள் செய்வது வேறு. லோடை நிறுத்துகிறார்கள், அந்த 32 நொடிக் கடன் தீரும்வரை பொறுக்கிறார்கள், பிறகு அதே லோடை அதே நேரத்துக்கு மறுபடி ஏற்றுகிறார்கள். இப்படிப் பல சுற்று. முதல் சுற்றில் ஏறிய கோடு அடுத்த சுற்றுகளில் அதே உயரத்திலேயே நின்றால், வைத்திருந்த இடத்திலேயே புதிய அழைப்புகளுக்கு இடம் கொடுத்துவிட்டது என்று பொருள். ஒவ்வொரு சுற்றுக்கும் அடித்தளம் ஒரு படி ஏறினால், பழையது எதுவோ புதியதற்கு வழிவிடவில்லை. பற்றுக்கும் இதைத் தவிர வேறு அளவுகோல் இல்லை என்பதே என் வாதம். ஒருவன் எவ்வளவு வைத்திருக்கிறான் என்பதில் அது தெரியாது. அடுத்தது வரும்போது முன்னதற்கு என்ன ஆகிறது என்பதில்தான் தெரியும்.

அளவை வைத்துத் தீர்ப்பளித்தால் என்ன நடக்கும் என்பதற்கும் லினக்ஸிலேயே உதாரணம் இருக்கிறது. மெமரி முற்றிலும் தீர்ந்துவிட்டால், ஏதாவது ஒரு நிரலைக் கொன்று மற்றவற்றைக் காப்பாற்றக் கெர்னலுக்குள் ஒரு பகுதி உண்டு. யாரைக் கொல்வது என்பதற்கு அது முக்கியமாகப் பார்ப்பது யார் அதிகம் பிடித்திருக்கிறார் என்பதை. நிர்வாகி முன்கூட்டியே மாற்றி வைக்காவிட்டால், மெல்லக் கசிந்து நெருக்கடியை உண்டாக்கிய சிறு நிரல் தப்பித்து, வேலையின் தன்மையாலேயே பெரியதாக இருக்கும் டேட்டாபேஸ் பலியாகலாம். நெருக்கடி நேரத்தில் வேறு வழியில்லாமல் செய்வது அது. தீர விசாரிக்க நேரம் இருக்கும் நாம் அதையே நீதியாகக் கொள்ள வேண்டியதில்லை.

சமணம் என் கட்சிக்கு எதிர்ப்பக்கம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். வினையை நுண்பொருளாகவே கண்ட சமயம் அது. உயிருக்குள் வினை வருவது ஊற்று, ஒட்டிக்கொள்வது கட்டு, வரவை அடைப்பது செறிப்பு, ஒட்டியது கழல்வது உதிர்ப்பு என்று தமிழ்ச் சமணம் பெயரிட்டு வைத்திருக்கிறது. பார்த்தால் வெறும் வரவு செலவுக் கணக்குப்போல இருக்கும். ஆனால் சமணத்தின் இரு பிரிவினரும் ஏற்கும் உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், உடைமை என்பதைப் பொருளால் வரையறுக்கவில்லை, பொருளின்மேல் கொண்ட மயக்கத்தால் வரையறுக்கிறது. கோபம், செருக்கு, வஞ்சம், பேராசை என்ற கஷாயங்கள் நீங்கியவரிடமும் செயல் இருக்கும்வரை வினை வரத்தான் செய்யும், ஆனால் வந்த கையோடு கழன்றுவிடும் என்கிறது. அதாவது வரவு குற்றமில்லை, தங்குதல்தான் குற்றம். முழுதறிவு பெற்ற பிறகும் தீர்த்தங்கரருக்கு உடம்பு இருக்கிறது. நடக்கிறார், அறம் உரைக்கிறார், ஆயுள்வினை தீரும்வரை அதை வைத்திருக்கிறார். அந்த உடம்பைப் பற்று என்று எந்தச் சமணரும் சொல்லமாட்டார்.

இங்கே துணியையும் துறக்கும் பிரிவினரான திகம்பரர் குறுக்கிடுவார், அவருடைய மறுப்பு வலுவானது. மயக்கம் உள்ளுக்குள் இருப்பது, கண்ணுக்குத் தெரியாது. 'துணி வைத்திருக்கிறேன், துணிமேல் மயக்கம் இல்லை' என்று யாரும் சொல்லிக்கொள்ளலாம். ஆகவே வெளியே தெரியும் உடைமைதான் ஒரே சான்று, துணியையும் விடு என்கிறார். இதே சந்தேகத்தை நாட்டு வழக்கிலும் கேட்கலாம். ஜனகர் அரண்மனையில் இருந்தே ஞானி என்ற கதை, வட்டிக்குக் கொடுப்பவர்களுக்கு ரொம்பப் பிடித்த கதை. என் அளவுகோல் பதுக்குபவனுக்கு வக்காலத்து வாங்குவதாக ஆகாதா? ஆகாது. உள்மனமும் உடைமையும் தவிர மூன்றாவதாக ஒன்று வெளியே தெரிகிறது, மீண்டும் வரும் சுமையின்போதான நடத்தை. இன்னொருவன் கேட்கும்போது கெர்னலின் பிரதிகள் விலகிக்கொள்கின்றன, ஜி-லிப்சியின் களங்கள் அவ்வளவு எளிதில் விலகுவதில்லை. இந்த வேறுபாட்டைக் காண நிரலின் மனத்துக்குள் புக வேண்டியதில்லை. பதுக்குபவன் முதல் சுற்றில் ஜனகரைப் போலவே தோன்றுவான். பஞ்சம் வந்து பக்கத்து வீட்டுக்காரன் கதவைத் தட்டும் சுற்றில் அப்படித் தோன்றமாட்டான். இயந்திரத்துக்கு மனமே இல்லையே, அதற்கேது பற்று என்பவருக்கும் இதுவே பதில். சர்வருக்கு ஆசை உண்டு என்று நான் சொல்லவில்லை. பிறர் ஆசையை அறியவும் நமக்கு நடத்தையைத் தவிர வேறு சாட்சி கிடையாது, அந்தச் சாட்சியில் எந்தப் பகுதியைப் பார்ப்பது என்பதே கேள்வி.

நடைமுறை தெரிந்தவர் வேறொன்று சொல்வார். ஓர் அழைப்புக்கு 10 கேபி கசிந்து, நாளுக்கு லட்சம் அழைப்பு வந்தாலும் மொத்தம் 1 ஜிபிதான். இரவு இரண்டு மணிக்கு ரீஸ்டார்ட் செய்தால் தீர்ந்தது, இதற்கு எதற்குத் தத்துவம்? பல இடங்களில் இப்படித்தான் ஓடுகிறது, குறை சொல்லவும் முடியாது. ஆனால் அந்த நேரத்தில் பேசிக்கொண்டிருப்பவரின் அழைப்பும் அறுந்துபோகிறது, 32 நொடிக் கடனும் தீராமல் நின்றுபோகிறது. நியாயமாக வைத்திருந்ததும் கசிந்ததும் சேர்ந்தே போகின்றன. விடுவதை மறந்த அந்த வரி மட்டும் அப்படியே இருக்கிறது, காலையில் முதல் அழைப்பிலிருந்து மறுபடி தொடங்குகிறது. உடம்பு விழுவது உதிர்ப்பு அல்ல என்று சமணர் வற்புறுத்துவது இதனால்தான்.

திகம்பரரின் மறுப்பில் ஒரு பகுதியை மட்டும் என்னால் தள்ள முடியவில்லை. சர்வருக்கு லோடை நிறுத்திப் பொறுத்து, அதையே திரும்ப ஏற்றலாம். மனிதருக்கு அந்த இடைவெளி கிடைப்பதில்லை, ஒரே சுமை இருமுறை வருவதும் இல்லை. சான்று அரைகுறையாகவே இருக்கும். அப்படியானால் உடைமையின் அளவுக்கு ஏதாவது இடம் தர வேண்டும், அந்த இடத்தை இல்லறத்தாருக்கான சமண விரதம் சரியாகக் கண்டிருக்கிறது. பொருளுக்கு இவ்வளவுதான் என்று முன்கூட்டியே தானே அளவு வரைந்துகொள்வது அது. கமைலியோ என்ற சிப் சர்வர், தன் உள்பகுதிகள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் மெமரிக்குத் தொடங்கும்போதே அளவு குறித்துக்கொள்கிறது. அது நிறைந்தால் தானே புது அழைப்பை மறுக்கும், பக்கத்து நிரலைப் பட்டினி போடாது. அந்த அளவு கசிவு உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் கசிவு இருந்தால், எத்தனையாவது சுற்றில் விளிம்பை முட்டுகிறது என்று எண்ண முடிகிறது. இல்லாவிட்டால் அதே லோடை இரவெல்லாம் ஏற்றி இறக்கினாலும் கோடு முதல் சுற்றில் நின்ற இடத்தைத் தாண்டுவதில்லை.