எந்திரத்துக்கு வராத கண்

குரோஷேயில் ‘டபுள்’ போடக் கற்றுக்கொண்டது போன மாசம்தான். கொக்கி ஊசியில் நூலை ஒரு சுற்று சுற்றி, கீழ்வரிசைக் கண்ணுக்குள் விட்டு நூலை இழுத்தால் ஊசியில் மூன்று வளையம் நிற்கும். இரண்டிரண்டாக இருமுறை உருவினால் உயரமாக ஒரு கண். அவ்வளவுதான் அல்காரிதம்.

எங்கள் சேலத்துப் பக்கம், இளம்பிள்ளையில், நாள் முழுக்க விசைத்தறி ஓடுகிறது. இந்தக் கண்ணைப் போட அப்படியொரு எந்திரம் ஆலைகளில் கிடையாது. ஆய்வுக்கூட மாதிரிகளோடு சரி. அசல் குரோஷே என்றால் ஒவ்வொரு கண்ணையும் யாரோ கையால் இழுத்திருக்கிறார்கள்.

அந்தக் கைக்கு என்ன கூலி? ஆந்திராவின் நர்சாபூரில் குரோஷே லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் எழுதிய புத்தகம் 1982இல் வந்தது. ஏற்றுமதிச் சரக்கு அது. ஆனால் பின்னுகிறவர்கள் தொழிலாளிகள் இல்லையாம். ஓய்வு நேரத்தில் ஏதோ செய்கிற இல்லத்தரசிகளாம். அந்தப் பெயரே கூலியைக் குறைத்து வைத்தது என்பது அவர் வாதம்.

"பிடிச்சுத்தானே செய்றாங்க?" என்பார்கள். எனக்கும் கோட் எழுதப் பிடிக்கும். அதைச் சொல்லி யாரும் என் சம்பளத்தைக் குறைத்ததில்லை.

ஒரு மேஜைவிரிப்பில் 20,000 கண் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு 5 வினாடி (என் வேகம் அதில் பாதிகூட இல்லை) என்றாலும் கிட்டத்தட்ட 28 மணி நேரம். நடுவில் சோறு வடிக்க எழுந்திருக்காமல்.